பார்க்கலாம் என்பது பதில் இல்லை

1997 ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து வந்த பிள்ளைகளுக்குச் சுலபமாக ஏதாவது ஆரம்பிக்கலாம் என்று 'டிட்' எடுத்தேன். ஐந்தாம் வகுப்பு, முதல் பீரியட். ஒவ்வொரு பெஞ்சாகப் போய், "டிட் யூ ஈட் டிபன்?" என்று கேட்டேன். யெஸ் மிஸ், ஐ டிட். யெஸ் மிஸ், ஐ டிட். கடைசி பெஞ்சு வரை ஒருவர் தவறவில்லை. எனக்கு ஒரே பெருமை. பெரிய டீச்சர் வராந்தாவில் போகிறார் என்று தெரிந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

மத்தியானம் மணி அடித்ததும் எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவுக்கு ஓடினார்கள். ஆசிஃப் மட்டும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லையா என்றேன்.

"நோன்பு மிஸ்."

"அப்போ காலைல டிபன் சாப்பிட்டேன்னு சொன்னியே?"

"விடியறதுக்கு முன்னாடி சாப்ட்டதுதான் மிஸ். டிபன்லாம் இல்ல."

"பின்னே ஏன் யெஸ் சொன்னே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "மிஸ் கேட்டா யெஸ் தான மிஸ் சொல்லணும்?"

சத்துணவு ஆயா வேலம்மா அண்டாவைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன வுடு டீச்சர். அத்தோ அந்த வெள்ளைத்துரை கீறான் பாரு, அவன் டெய்லி காலைல ஒண்ணும் துன்னாமத்தான் வரான். அவங்கம்மா விடியறப்பவே மீன் கூடை எடுத்துக்கினு போய்டுது."

வெள்ளைத்துரையும் இன்று காலை என் முகத்தைப் பார்த்து யெஸ் மிஸ், ஐ டிட் என்றான். மிக அழகாக. நான் 'வெரி குட்' வேறு சொன்னேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இரவெல்லாம் இதே நினைப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு 'நோ' சொல்லத் தெரியவில்லையா, சொல்லக் கூடாது என்று நினைக்கிறார்களா?

நம்மில் யார்தான் பெரியவர்களிடம் 'இல்லை' என்கிறோம்? அதற்காகத்தானே 'பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். கடன் கேட்டால் பார்க்கலாம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பார்க்கலாம். யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை என்று இரண்டு பக்கமும் தெரியும்.

இன்று காலை அண்ணா ஷூவைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தான். "ஜானு, டி.நகர்ல என் ஃப்ரெண்ட் கம்ப்யூட்டர் ஆபீஸ் வெச்சிருக்கான். டேட்டா என்ட்ரிக்கு ஆள் வேணுமாம். ஏப்ரலுக்கு அப்பறம் ஆத்துலயே உக்காந்துண்டு என்ன பண்ணப் போறே?"

"பார்க்கலாம் அண்ணா" என்றேன்.

எனக்கு அந்த வேலை வேண்டாம். எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேண்டும். ஆனால் இங்கே நான் பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாக வந்தவள். அவர் இனி திரும்பி வரப்போவதில்லை, கணவரோடு பெங்களூருக்கே போகிறார் என்று டீச்சர்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் ஜூனில் இந்தப் பிள்ளைகளோடு ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய அந்த இடத்துக்கு யார்? யாரிடம் கேட்பது? கேட்டால் பறக்கிறாள் என்று நினைக்க மாட்டார்களா?

ஜனவரி 27, திங்கள்

இன்று வகுப்பில் அசட்டுக் கேள்வியாகக் கேட்டேன். "ஆர் யூ அன் எலிஃபன்ட்?"

"யெஸ் மிஸ், ஐ ஆம்" என்றது வகுப்பு மொத்தமும், ஒரே குரலில். எலிஃபன்ட் என்றால் என்ன என்று மெஹக்கைக் கேட்டேன். யானை மிஸ் என்றாள். அப்போ நீ யானையா என்றேன். மெஹக் ஒல்லியென்றால் அப்படி ஒரு ஒல்லி. வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

பிறகு பிடித்துக்கொண்டார்கள். டூ யூ லிவ் இன் த கோயில் குளம்? நோ மிஸ், ஐ டோன்ட். கேன் யூ ஃப்ளை? நோ மிஸ், ஐ கான்ட். கேள்விக்கு எது தலையோ பதிலுக்கு அதுதான் வால் என்று சொல்லிக் கொடுத்தேன். 'டூ'வில் ஆரம்பித்தால் 'டூ'வில் முடி, 'கேனி'ல் ஆரம்பித்தால் 'கேனி'ல் முடி. இந்த 'ஆர்' மட்டும் வேஷம் மாற்றிக்கொண்டு 'ஆம்' என்று வரும், அது அப்படித்தான்.

ஒரே ஒரு சங்கடம். வாய் 'நோ' என்கிறது, தலை 'ஆமாம் ஆமாம்' என்று ஆடுகிறது. பாதிப் பேருக்கு இப்படி. தலையைப் பிடித்து நிறுத்தவா முடியும்?

ஜனவரி 30, வியாழன்

டிட் யூ ஈட் டிபன் என்று மறுபடியும் கேட்டேன். வெள்ளைத்துரை ரொம்ப நேரம் டெஸ்க்கையே பார்த்துவிட்டு, "நோ மிஸ், ஐ டிடின்ட்" என்றான். வேலம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தன் தூக்குச் சட்டியிலிருந்து தினம் இரண்டு இட்லி அவனுக்கு எடுத்து வைக்கிறேன் என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

பதில் வந்துவிட்டது. கேள்வி வரமாட்டேன் என்கிறது.

இனிமேல் வெள்ளிக்கிழமை நீங்கள் கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன் என்றேன். ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். இவர்கள் வாழ்நாளில் டீச்சரிடம் கேட்ட ஒரே கேள்வி 'மிஸ், ஒண்ணுக்குப் போலாமா' தான். சரி, அதையே இங்கிலீஷில் கேளுங்கள் என்றேன். மே ஐ கோ அவுட்? யெஸ், யூ மே. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒண்ணுக்கு வந்துவிட்டது.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்தேன். பதில் சொன்னவர்தான் அடுத்த கேள்வி கேட்க வேண்டும், யாரை வேண்டுமானாலும். கேட்கப்பட்டவர் யெஸ் அல்லது நோ சொல்லியே ஆக வேண்டும், அதுவும் நிஜத்தை. டீச்சருக்கும் இதே சட்டம்.

வினையை விலைக்கு வாங்கினேன். ஆர் யூ மேரீட் மிஸ்? நோ, ஐ ஆம் நாட். கேன் யூ ரைட் சைக்கிள் மிஸ்? நோ, ஐ கான்ட். ஆசிஃப் எழுந்து, டூ யூ லைக் பெரிய டீச்சர் என்றான். யெஸ், ஐ டூ என்றேன். என் தலை எந்தப் பக்கம் ஆடியதோ, வகுப்பே சிரித்துவிட்டது.

கடைசியில் மெஹக். அவள் ஒரு கேள்வியை மனதில் அடுக்கி, உடைத்து, மறுபடி அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். "வில் யூ கம் இன் ஜூன், மிஸ்?"

"பார்க்கலாம்" என்றேன்.

"மிஸ், அது பதில் இல்ல மிஸ்" என்றாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நல்லவேளை, மணி அடித்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆசிஃப் ரம்ஜான் புதுச் சட்டையில் வந்தான். டிட் யூ ஈட்? "யெஸ் மிஸ், ஐ டிட், ஐ டிட், ஐ டிட்." எனக்கென்று ஒரு டப்பாவில் சேமியா பாயசம் கொண்டுவந்திருந்தான். முந்திரியெல்லாம் மேலே. ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தராமல் நானே சாப்பிட்டேன்.

வெள்ளைத்துரை தன் தங்கையை அழைத்து வந்து காட்டினான். இங்கேயே இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். "வூட்ல இதுகிட்ட கேட்டுக்கினே இருக்கேன் மிஸ். இதுக்கும் வருது." கேன் யூ ஃப்ளை என்று அவளைக் கேட்டான். அது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, நோ என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிப் போனது.

பிப்ரவரி 19, புதன்

பெரிய டீச்சர் ரூமுக்குக் கூப்பிட்டார். "ஜானகி, டி.நகர்ல ஏதோ வேலை கிடைச்சிருக்காமே? உங்க அண்ணா பஸ் ஸ்டாப்புல சொன்னாரு. ஜூன்ல இங்க இருப்பீங்களா?"

அண்ணாவை என்ன செய்தால் தகும்? ஊருக்கெல்லாம் தம்பட்டம்.

ஆமாம், நான் இங்கேதான் இருக்க ஆசைப்படுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் வேலைக்கு அலைகிறாள் என்று ஆகிவிடாதா? "பார்க்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி ஆண்டு விழா. பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் கணேசமூர்த்தி சார் முன்னிலையில் என் வகுப்பு கேள்வி-பதில் செய்துகாட்ட வேண்டும். ஜூனில் யாருக்கு வேலை என்பதை அவர்தான் முடிவு செய்வார். தெற்கு மாட வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடம் எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்மா' என்பார். இந்த நிகழ்ச்சி நன்றாக வந்தால் அவராகவே என்னை நினைத்துக்கொள்வார் என்று ஒரு நப்பாசை.

கேள்விகளைப் பெரிய டீச்சரே எழுதிக் கொடுத்துவிட்டார். டூ யூ லவ் யுவர் ஸ்கூல்? யெஸ், வீ டூ. ஆர் யூ ஹேப்பி? யெஸ், வீ ஆர். ஒரு நோ கூடக் கிடையாது. "விழாவுல அபசகுனமா எதுக்கு?" என்கிறார்.

சரி மேடம் என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குப் பதிலாக மெஹக் இருந்திருந்தால் 'நோ' சொல்லியிருப்பாள்.

மார்ச் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதிவிட்டால்தான் தூங்க முடியும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பெரிய டீச்சர் கொடுத்த கேள்விகளைக் கேட்டேன், பிள்ளைகள் மணி மணியாகப் பதில் சொன்னார்கள், பெற்றோர் கை தட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். கரஸ்பாண்டென்ட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் நின்ற வெள்ளைத்துரையைப் பார்த்து, "டூ யூ லைக் இங்கிலீஷ்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. வெள்ளைத்துரை யோசித்தான். நிஜத்தைச் சொல்ல வேண்டும் என்பதுதானே நம் வகுப்புச் சட்டம்?

"நோ சார், ஐ டோன்ட்" என்றான். முதல் முறையாக அவன் தலையும் சரியாக ஆடியது.

 பெரிய டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன். வெள்ளைத்துரையோ, பதில் சொன்னவன்தான் அடுத்த கேள்வி கேட்க வேண்டும் என்று ஞாபகமாக, "டூ யூ லைக் இங்கிலீஷ், சார்?" என்று அவரையே திருப்பிக் கேட்டான்.

சார் சிரித்துவிட்டு, "நோ, ஐ டோன்ட்" என்றார். ஜனங்களும் சிரித்தார்கள். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த கேள்வி சார்தான் கேட்க வேண்டும். அவருக்கு எங்கே அது தெரியும்? மைக்கைக் கீழே வைக்கப் போனார். அவர் முறையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு மெஹக் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"வில் ஜானகி மிஸ் கம் இன் ஜூன், சார்?"

"பார்க்கலாம்மா" என்றார் சார்.

"அது பதில் இல்ல சார்" என்றது என் வகுப்பு, மொத்தமாக, ஒரே குரலில், கையைக் கட்டிக்கொண்டு, எவ்வளவோ மரியாதையாக.

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கலாம். நான்தான் பிள்ளைகளைத் தூண்டிவிட்டேன் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? வேலைக்கு ஆசைப்பட்டு, பத்து வயசுப் பசங்கள விட்டுக் கேக்க வெச்சிட்டாளே... ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலையே.

மார்ச் 15, சனி

பெரிய டீச்சர் அதிகம் பேசவில்லை. "இங்கிலீஷ் சொல்லித் தரச் சொன்னா வாய்த்துடுக்கு சொல்லித் தந்திருக்கீங்க" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன். "குழந்தைகள் கேட்டதுல என்னடி தப்பு? எனக்கும் அதேதான் தெரிஞ்சாகணும்" என்றாள் அம்மா. பிறகு காபி கொடுத்தாள்.

மார்ச் 24, திங்கள்

மாட வீதியெங்கும் பங்குனித் திருவிழாப் பந்தல். மோர் ஊற்றுகிறவர்கள், ஊதல் விற்கிறவர்கள், மூச்சு விட இடமில்லை. கூட்டத்தில் கரஸ்பாண்டென்ட் எதிரே வந்தார். கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட்டம் தள்ளவே போய்விட்டார். என்ன சொல்ல வந்தார்?

ஆறாம் வகுப்புக்குப் புது டீச்சராக ஒரு பெண் வரப் போகிறாளாம். அவளுடைய மாமா சாருக்குத் தெரிந்தவர். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணா இன்றைக்கும் கேட்டான், டி.நகருக்கு என்ன சொல்லட்டும் என்று. இந்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று வகுப்பில் ஆசிஃப் கேட்டான்: "டிட் யூ ஆஸ்க் சார், மிஸ்?"

நோ, ஐ டிடின்ட்.

"ஒய்?" என்றான். அது நான் சொல்லிக் கொடுத்த வகையே இல்லை. யெஸ், நோவில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் சொல்லவும் இல்லை. ஆனால் மந்தைவெளி வீட்டுக்கு நடந்து வரும்போது வழி நெடுக அந்த ஒரு சொல் கூடவே வந்தது. இரண்டு மாதமாகக் கேள் கேள் என்று பிள்ளைகளைப் பிடுங்குகிறேன். நான் யாரையாவது எதையாவது கேட்டேனா?

ஏப்ரல் 4, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

பள்ளி விட்டதும் நேராகப் பாத்திரக்கடைக்குப் போனேன். சார் ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குக் குத்துவிளக்கு காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை நின்றேன். திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது.

"சார், ஜூன்ல எனக்கு வேலை உண்டா, இல்லையா? எதுவா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிடுங்கோ" என்றேன். 

"பார்க்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சிரித்தார். "வேணாம், உன் பசங்க விட மாட்டாங்க. உக்காரும்மா."

ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"நீதான் டி.நகர் போறியேம்மா? பிப்ரவரியிலயே பெரிய டீச்சர் சொன்னாங்களே. இங்க இருப்பியான்னு கேட்டேன், பார்க்கலாம்னுட்டா, அப்படின்னா போறான்னுதானே அர்த்தம்னு. அதுக்கப்புறம்தான் ஆறாவதுக்கு அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

 'பார்க்கலாம்' என்று மழுப்பினேன், அவர்கள் அதை எப்போதும்போல 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தானே அவருடைய 'பார்க்கலாமை' எடுத்துக்கொண்டேன்? யாரைக் குறை சொல்வது?

"அன்னிக்கு விழாவுல அந்தப் பொண்ணு கேட்டப்பகூட, போற டீச்சரைப் பத்தி எல்லார் முன்னாடியும் என்னத்தச் சொல்றதுன்னுதான் அப்படிச் சொன்னேன். குழந்தைங்களுக்கு உன்மேல ரொம்பப் பிரியம்." விளக்கைத் துடைத்து உள்ளே வைத்தார். "ஆறாவது இல்லம்மா. குடுத்த வாக்கை மாத்த முடியாது. மூணாவதுக்கு டீச்சர் ரிட்டயர் ஆறாங்க. இங்கிலீஷே அங்கதான் ஆரம்பிக்குது. எடுத்துக்கிறியா?"

"எடுத்துக்கறேன் சார்" என்றேன், அவர் முடிப்பதற்குள்.

வீட்டுக்கு வந்து அண்ணாவிடம், "டி.நகர் வேண்டாம் அண்ணா. நான் வரலை" என்றேன். நேருக்கு நேராக. அவன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "இத ஜனவரிலயே சொல்லிருக்கலாமோன்னோ? அவன்கிட்ட நான் மூணு மாசமா சால்ஜாப்பு சொல்லிண்டிருக்கேன்" என்றான். அதுவும் நியாயம்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஐந்தாம் வகுப்போடு கடைசி நாள். மெஹக் கேட்டாள்: "வில் யூ கம் இன் ஜூன், மிஸ்?"

"யெஸ், ஐ வில்."

எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு, இன்னொன்று கேட்டாள். "வில் யூ டீச் அஸ், மிஸ்?"

நோ, ஐ வோன்ட்.  மெஹக் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டாள். பிறகு வெள்ளைத்துரை, பதில் சொன்னது நான் என்பதால் அடுத்த கேள்வி என்னுடையது என்று நினைவுபடுத்தினான். டூ யூ லைக் இங்கிலீஷ் நவ் என்று அவனைக் கேட்டேன். நோ மிஸ், ஐ டோன்ட் என்றான். "ஆனா வெள்ளிக்கெழம புடிக்கும் மிஸ்."

ஜூன் 2, திங்கள்

புதுக் கரும்பலகை, பழைய ஃபேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இவ்வளவு சின்னதாக இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேருக்குப் பெஞ்சில் கால் எட்டவில்லை. இடைவேளையில் என் பழைய வகுப்பு ஜன்னலில் வந்து தொங்கியது. பெரிய டீச்சர் விரட்டினார், மறுபடி வந்தது.

காலையில் முதல் பீரியடிலேயே, டிட் யூ ஈட் என்று சைகையோடு சொல்லிக் காட்டிவிட்டு, ஒவ்வொருவராகக் கேட்டேன். யெஸ் மிஸ். யெஸ் மிஸ். யெஸ் மிஸ். ஜனவரியில் கேட்ட அதே பாட்டு. இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை, ஒரே யெஸ். சரி, யானையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கடைசி பெஞ்சுக்கு வந்தேன். அங்கே வெள்ளைத்துரையின் தங்கை.

"டிட் யூ ஈட்?"

எழுந்து நின்றாள். ரிப்பனைப் பிடித்துக்கொண்டாள். "நோ மிஸ், ஐ டிடின்ட்."

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, என்னவோ நடக்கப் போகிறது என்று. நான் அவள் தலையைத் தொட்டு வெரி குட் என்றேன். இந்த முறை அர்த்தத்தோடு. அவள் உட்காரவில்லை. அண்ணன் வீட்டில் சட்டத்தையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்திருக்கிறான் போல.

"டிட் யூ ஈட், மிஸ்?"

முதல் நாள் பதற்றத்தில், அம்மா தட்டில் வைத்த தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். அம்மா கேட்டதற்குக்கூட, ஆச்சு ஆச்சு என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

"நோ, ஐ டிடின்ட்" என்றேன்.

இடைவேளை மணி அடித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேலம்மாவிடம் போனேன். வேலம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தூக்கைத் திறந்தாள். ஆளுக்கு இரண்டு இட்லி. மிளகாய்ப் பொடி கொஞ்சம் காரம்.